மல்லருள் நம்மை ஒப்பார் யாவர்?

தன்னைத் தான் அறிதல் எளிதன்று. கண்ணானது பிற பொருள்களையெல்லாம் காணுமாயினும் தன்னைக் காணமாட்டாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். அவ்வாறே நம் இயல்பை நாம் காண்பதற்குப் பிறருடைய வாழ்க்கை கண்ணாடியாகின்றது. பாரதக் கதை கேட்ட சிறுவர், "நான் வீமன், நீ அருச்சுனன்" என்று தமக்குள் பகிர்ந்துகொள்வதும், திருமறை பயின்றோர் தம்மைப் பேதுருவோடும் தோமாவோடும், மார்த்தாளோடும் மரியாளோடும் ஒப்பிட்டு நோக்குவதும் இது பற்றியே. இக்காலத்து மாணவர் இவ்வொப்புமையைத் தொழில்முறை மல்லரிடத்தும் தேடுகின்றனர். சில வினாக்களுக்கு விடை கூறி, "உன் குணத்துக்கு ஒத்த சாம்பியன் இன்னார்" என்று முடிவு காணும் விளையாட்டு மாணவர் விடுதிகளில் வழங்குகின்றது. இதனை வீண்பொழுது என்று தள்ளுவாரும் உளர். நாம் அவ்வாறு தள்ளவில்லை. வினா நல்லதே, வினவும் முறைதான் திருத்தத்தக்கது என்பது நம் கருத்து. அத்திருத்தம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொழில்முறை மற்போரின் இயல்பு

"மல்" என்னும் சொல் வலிமை என்னும் பொருளது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடிய செய்யுள் புறநானூற்றில் உளது. அது மெய்ப்போர். ஒலிம்பிக் பந்தயங்களில் நிகழ்வதும் மெய்ப்போரே. ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட தொழில்முறை மற்போரோ அவற்றின் வேறாயது. அது நுழைவுச்சீட்டு வாங்கி வருவார்க்குக் காட்டப்படும் காட்சி. வெல்பவர் யாவர், தோற்பவர் யாவர் என்பது கோதாவில் இறங்குமுன்னரே வகுக்கப்படுவது.

எனினும் தொடக்கத்தில் எல்லாம் அவ்வாறு இருக்கவில்லை. 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் சிக்காகோ நகரில், "இரஷியச் சிங்கம்" எனப் பெயர்பெற்ற ஜார்ஜ் ஹக்கென்ஷ்மிட் என்பாரும், அயோவா மாநிலத்து உழவர் குடியிற் பிறந்த பிராங்க் காட்ச் என்பாரும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பொருதனர், காட்ச் வென்றார். 1910ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், பஞ்சாபினின்றும் சென்ற காமா பயில்வான், போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ என்பாரை எதிர்த்தார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாய்க் குப்புறப் படிந்துகொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் எழாதிருந்தார். போர் முடிவின்றி நின்றது. அடுத்த வாரம் மீண்டும் பொரவேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கு அளிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள்ளாகவே காமா அவரை வீழ்த்தினார். மெய்ப்போரில் ஒருவனுடைய குணம் இவ்வாறு நேரே வெளிப்பட்டுவிடுகின்றது.

ஆனால் மெய்ப்போர் காண்பார்க்கு எப்போதும் இனிதாவதில்லை. 1916ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஓமஹா நகரில் ஜோ ஸ்டெக்கரும் எட் லூயிஸும் பொருத போர் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நடந்து வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பணங் கொடுத்து வந்தோர் எத்துணை நேரந்தான் இருவர் பிடித்த பிடியிலேயே கிடப்பதைப் பார்த்திருப்பர்? ஆகவே 1920ஆம் ஆண்டுகளில் அவ்வெட் லூயிஸும், அவர் மேலாளர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மான்ட் என்பாரும் கூடி, போருக்குக் கால வரையறை வகுத்து, விரைவும் வியப்பும் உடைய பிடிகளையும் எறிதல்களையும் சேர்த்து, முடிவையும் முன்னரே அமைக்கும் முறையை நிலைநிறுத்தினர். நெடுங்காலம் மறைபொருளாகக் காக்கப்பட்ட இவ்வுண்மையை, 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய மற்போர் நிறுவனமே நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின்முன் ஒப்புக்கொண்டது.

அங்ஙனமாயின் எல்லாம் பொய்யோ எனின், அன்று. முடிவு வகுக்கப்பட்டதேயாயினும் வீழ்ச்சி மெய். நூறு கிலோ எடையுள்ள ஓர் உடலைத் தோளுயரம் தூக்கிப் பலகையின்மேல் எறியுங்கால், அவ்வுடல் கழுத்தொடிந்து விழுவதும் முதுகு பரந்து விழுவதும் எறிவோன் கையில் உள்ளன. எறியப்படுவோன் தன் உடலை எதிரியிடமே ஒப்புவிக்கின்றான். காண்போர் பகைவரென்று கருதும் இருவரும் ஒருவரையொருவர் காத்துக்கொண்டே பொருகின்றனர். இத்தொழிலின் அடிப்படை இந்நம்பிக்கையே.

பட்டமும் அத்தகையதே. இங்கே சாம்பியன் என்பான் யாவரையும் வலிமையால் வென்றவன் அல்லன். "இவனைக் காண மக்கள் வருவர், இவன் ஒப்புக்கொண்டவாறு நடப்பான்" என்று காட்சி நடத்துவோர் நம்பிக் கச்சையை ஒப்படைத்தவன். அந்நம்பிக்கை சிலவிடத்துப் பிழைத்ததும் உண்டு. 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பிலடெல்பியாவில், முன் கூறிய ஸ்பிஸ்கோ, கால்பந்து ஆட்டக்காரராயிருந்து பட்டம் பெற்ற வெய்ன் மன் என்பாரிடம் தோற்பதாக ஒப்புக்கொண்டு கோதாவில் இறங்கினார். இறங்கியபின் வாக்கு மாறி, மற்கலை நன்கறியாத அவ்விளைஞரை மெய்யாகவே வீழ்த்திப் பட்டத்தைக் கைக்கொண்டார். காண்போர் கண்டது ஒரு வெற்றி. உள்ளே நிகழ்ந்தது வாக்குப் பிழைத்தல்.

இதனால் பெறப்படுவது யாதெனின், ஒவ்வொரு மல்லரிடத்தும் இரண்டு உள என்பதாம். ஒன்று அவர் பூண்ட வேடம். மற்றொன்று அவ்வேடத்தினுள் நின்ற மனிதரின் இயல்பு. விடுதியில் நிகழும் விளையாட்டு வேடத்தோடு நம்மை ஒப்பிடுகின்றது. "உனக்கு விருப்பமான நிறம் யாது? நீ கோதாவுக்குள் எவ்வாறு நுழைவாய்?" என்பன போன்ற வினாக்களால் வேடத்தையன்றிப் பிறிதொன்றை அறிதல் இயலாது. இயல்போடு ஒப்பிடுவதே நாம் கூறும் திருத்தம். இனி அதற்குச் சான்றாக அறுவரை எடுத்துக்கொள்வோம்.

2. அறுவர் இயல்பு

முதலாவது, தொழிலறிவையே அணியாகக் கொண்டவர். இவர்க்குச் சான்று லூ தெஸ். மிச்சிகன் மாநிலத்தில் 1916இல் பிறந்து செயின்ட் லூயிஸ் நகரில் வளர்ந்த இவர், செருப்புத் தைக்கும் தொழிலாளியாகிய தம் தந்தையாரிடமே முதற்பிடிகளைக் கற்றார். பின்னர் ஜார்ஜ் டிராகோஸ் முதலிய ஆசிரியர்களிடம் எலும்பை முறிக்கவல்ல பூட்டுப்பிடிகளைப் பயின்றார். 1937ஆம் ஆண்டு, தம் 21ஆம் அகவையிலேயே உலகப் பட்டம் எய்தினார். ஒப்பனையாதல் ஆரவாரமாதல் இவரிடம் இல்லை. 1963இல் பட்டி ரோஜர்ஸ் என்பாரிடமிருந்து பட்டத்தை மீட்க வேண்டியபோது, 46 அகவையினராகிய இவரையே காட்சி நடத்துவோர் அழைத்தனர். எதிரி வாக்குப் பிழைப்பினும் மெய்யாகப் பொருது வெல்லும் வன்மை இவர்க்கு உண்டு என்பதை யாவரும் அறிந்திருந்தனர். 1968இல் பம்பாயில் தாரா சிங்கிடம் தோற்றார். 1990இல், தம் 74ஆம் அகவையிலும் ஜப்பானில் ஒருமுறை கோதாவில் இறங்கினார். பாராட்டு வந்தாலும் வாராவிட்டாலும் வேலையைச் செவ்விதாகச் செய்தலில் உவகை கொள்வோர் இவரை ஒப்பர். இவர்க்குரிய இடர் யாதெனின், தம்மினும் குறைய அறிந்தாரை இகழ்தல். கல்வியுடையார் பலரைப் பற்றும் நோய் இஃது.

இரண்டாவது, காண்பாரால் வாழ்பவர். இவர்க்குச் சான்று ஜார்ஜ் வாக்னர். நெபிராஸ்கா மாநிலத்தில் 1915இல் பிறந்த இவர் நெடுநாள் பலருள் ஒருவராகவே பொருதுவந்தார். பின்பு தலைமயிரைச் சுருட்டிப் பொன்னிறமாக்கி, பூவேலை செய்த நீண்ட அங்கி அணிந்து, பணியாள் ஒருவன் முன்சென்று கோதாவில் நறுமணநீர் தெளிக்க, "அழகன் ஜார்ஜ்" என்னும் பொருள்பட "கார்ஜியஸ் ஜார்ஜ்" என்ற பெயரோடு நுழையலானார். அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி அப்போதுதான் புகத் தொடங்கியிருந்தது. அவரை வெறுத்தோரும் அவர் தோல்வியைக் காண்பதற்காகவே கூட்டங்கூட்டமாய் வந்தனர். 1961இல் அவரைக் கண்ட குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, தம்மைத் தாமே புகழ்ந்து பேசிக் கூட்டஞ் சேர்க்கும் கலையை அவரிடமே கற்றதாகக் கூறினார். வாக்னரோ தம் பெயரையே சட்டப்படி மாற்றி வேடத்தின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். 1959இல் டொராண்டோ நகரில் பந்தயத்தில் தோற்று, பல்லாயிரவர் முன்னிலையில் அப்பொன்மயிரை மழித்துக்கொண்டார். 1963இல், 48ஆம் அகவையில் இறந்தார். பேச்சு மேடையிலும் நாடக மேடையிலும் உயிர் தளிர்ப்போர் இவரை ஒப்பர். அவையை மகிழ்விக்கும் ஆற்றல் கடவுள் அளித்த கொடையே. அதனை இழித்துரைத்தல் தகாது. அவை கலைந்தபின் தாம் யார் என்பதை மறவாதிருத்தலே இவர்க்கு வேண்டுவது.

மூன்றாவது, பிறர் நம்பிக்கையைச் சுமப்பவர். இவர்க்குச் சான்று புரூனோ சாமர்டினோ. 1935இல் இத்தாலியின் மலையூர் ஒன்றிற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் செர்மானியப் படைகள் ஊரைக் கைப்பற்றியபோது, தாயாரோடும் உடன்பிறந்தாரோடும் மலைமேல் ஒளிந்து வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு உணவு கொணர்வதற்காக அத்தாயார் பகைவர் நடுவே ஊருக்குள் இறங்கிச் சென்று மீள்வார். 1950இல் பிட்ஸ்பர்க் நகர்க்கு வந்து சேர்ந்தபோது புரூனோ மெலிந்து நலிந்த சிறுவராய் இருந்தார். உடலைப் பயிற்றி வளர்த்து, 1963ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் நியூயார்க்கில் 48 வினாடியில் பட்டம் வென்று, 1971 ஜனவரி வரை 2,803 நாள் அதனைத் தாங்கினார். இரஷியராக வேடம் பூண்ட கானடா நாட்டவராகிய ஐவன் கோலாஃபிடம் அவர் தோற்ற இரவில் அரங்கம் முழுதும் பேச்சற்றுப் போயிற்று. தம் செவிதான் பழுதுற்றதோ என ஐயுற்றதாக அவரே பின்னர் உரைத்தார். குடியேறி வந்த ஏழை மக்கள் அவர் வெற்றியைத் தம் வெற்றியாகக் கருதியிருந்தனர். 1976இல் ஸ்டான் ஹான்சன் என்பார் தூக்கியெறிகையில் பிடி தவறியமையால் அவர் கழுத்தெலும்பு முறிந்தது. ஹான்சனின் கைவீச்சு அடியால் நேர்ந்ததென்று அதனை மக்களிடம் காட்சிக்கேற்பக் கூறினர். இரண்டு திங்களுக்குள் சாமர்டினோ அதே ஹான்சனோடு மீண்டும் கோதாவில் இறங்கினார். பிற்காலத்தில், மல்லர் மருந்துண்டு உடல் பெருக்கும் தீய வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்து, அந்நிறுவனம் தர முன்வந்த சிறப்பையும் 2013 வரை ஏலாதிருந்தார். குடும்பத்தின் முதற் பட்டதாரியாய் வந்து, ஊராரின் எதிர்பார்ப்பைத் தோளில் ஏற்றி நிற்கும் மாணவர் நம்மிடையே பலர். அவர் இவரை ஒப்பர். ஓய்வு கொள்ள அறியாமையும், சோர்வைப் பிறர்க்கு உரையாமையும் இவர்க்குரிய இடர்கள்.

நான்காவது, வீழ்ந்து எழுபவர். இவர்க்குச் சான்று மிக் ஃபோலி. 1998ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில், இரும்புக்கம்பிக் கூண்டின் உச்சியினின்று ஏறக்குறைய 16 அடி கீழே எறியப்பட்டார். தூக்குக்கட்டிலிற் கொண்டு செல்கையில் எழுந்து மீண்டும் கூண்டின்மேல் ஏறினார். மறுமுறை கூண்டின் கூரை பிளந்து உள்ளே வீழ்ந்தார். அதன்பின்னும் போரை முடித்தே அகன்றார். அழகிய உடலும் வீரத் தோற்றமும் இல்லாத இவர் உலகப் பட்டம் பெறுதல் அரிதென்றே பலரும் எண்ணினர். 1999 ஜனவரியில் அதனைப் பெற்றார். அவ்வாண்டே தம் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதி வெளியிட்டார். அந்நூல் மிகுதியாக விற்பனையாயிற்று. தேர்வில் தவறி மீண்டும் எழுதுவோர், எள்ளப்பட்டும் விடாது முயல்வோர் இவரை ஒப்பர். ஆயினும் ஒன்று நோக்குக. அதே 1999 ஜனவரியில், கைகள் பிணிக்கப்பட்ட நிலையில் அவர் நாற்காலியால் பலமுறை தலையில் அடியுண்டபோது, அவர் மனைவியும் இரு சிறு மக்களும் அருகிருந்து கண்டு அழுத காட்சி படமாக்கப்பட்டுள்ளது. அதனைப் பின்னர் ஃபோலியே கண்டு உளம் நொந்தார். வலி பொறுத்தல் வேறு. வலியைத் தேடி அதனையே தகுதியாக எண்ணுதல் வேறு. நாம் ஏற்கும் அடியில் நம்மை நேசிப்பார்க்கும் பங்கு உண்டு.

ஐந்தாவது, கையிற் கொண்டாரைக் காப்பவர். இவர்க்குச் சான்று பிரெட் ஹார்ட். 1957இல் கானடாவின் கால்கரி நகரிற் பிறந்து, வீட்டின் நிலவறையில் தந்தையார் ஸ்டூ ஹார்ட் நடத்திய பயிற்சிக்கூடத்தில் தேர்ந்தவர். 1992இல் உலகப் பட்டம் பெற்றார். தம் நீண்ட தொழில் வாழ்க்கையில் எதிர்த்து நின்ற எவர்க்கும் தம் கையால் பெருங்காயம் நேர்ந்ததில்லை என்பதே அவர் சொல்லிக்கொள்ளும் பெருமை. பட்டங்களின் எண்ணிக்கையை அவர் அதற்கு முன்னிறுத்துவதில்லை. அவர்க்கோ பிறர் அதனைச் செய்திலர். 1997ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மான்ட்ரியாலில், தம் நாட்டார் முன்னிலையில், ஒப்புக்கொண்ட முடிவை அவர் அறியாமலே மாற்றிப் பட்டத்தைப் பறித்தனர். 1999 டிசம்பரில் எதிரியின் உதை தலையிற் பட்டு மூளை அதிர்ந்தமையால், அடுத்த ஆண்டே தொழிலை விட நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் உடன் பயில்வோன் கைபிழைத்தால் தாம் முன்னின்று காப்போரும், நண்பன் உரைத்த மறைபொருளை அடக்கிவைப்போரும் இவரை ஒப்பர். இவர்க்குரிய இடர், தமக்கிழைத்த பிழையை மறக்கமாட்டாமை. மான்ட்ரியாலில் தம்மோடு பொருத ஷான் மைக்கேல்ஸோடு ஹார்ட் கோதாவில் கைகுலுக்கியது 2010 ஜனவரியில்தான். இடையிற் கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள்.

ஆறாவது, இடம் தரப்படாதவிடத்து இடம் செய்துகொள்பவர். இவர்க்குச் சான்று மில்ட்ரெட் பர்க் என்னும் மாதரசி. கான்சாஸ் மாநிலத்தில் 1915இல் பிறந்து, உணவகத்திற் பரிமாறும் வேலை முதலியன செய்து, கைக்குழந்தையைத் தனியே வளர்த்த நிலையில் மற்கலையை மேற்கொண்டார். பெண்டிர் பொருதல் பல மாநிலங்களில் விலக்கப்பட்டிருந்த காலம் அது. திருவிழாக் கூடாரங்களில் ஆடவரை எதிர்த்துப் பொருது பெயர் பெற்று, 1937இல் மகளிர் உலகப் பட்டம் எய்தினார். 1954இல் அட்லாண்டா நகரில் ஜூன் பையர்ஸ் என்பாரோடு நிகழ்ந்த போரில் முதற்சுற்றில் தோற்றார்; இரண்டாஞ்சுற்று முடிவு பெறாமலே நிறுத்தப்பட்டது; எனினும் பட்டம் எதிரிக்குரியதென அறிவிக்கப்பட்டது. அவர் அத்துடன் ஓயவில்லை. கலிபோர்னியாவில் பெண்டிர்க்குப் பயிற்சிக்கூடம் நடத்தினார். அவர் நிறுவிய பட்டம் பின்னாளில் ஜப்பானிய மகளிர் மற்போரின் தலையாய பட்டமாயிற்று. தமக்கு வாயில் அடைபட்டபோது பிறர்க்கு வாயில் திறப்போர் இவரை ஒப்பர். யாரையும் நம்பாது தனித்து நின்று பழகிப்போதல் இவர்க்குரிய இடர்.

இவ்வறுவருள் குற்றமற்றவர் ஒருவரும் இலர் என்பது தெளிவு. ஒருவரை நாம் ஒப்போமாயின் அவர் சிறப்போடு அவர்க்குரிய இடரும் நமக்கு உரியதாகும். புகழ்ச்சியை மட்டும் தந்து இடரைக் காட்டாத ஒப்புமை முகத்தைப் பாதியே காட்டும் கண்ணாடி போல்வது.

3. ஒப்புமை காணும் முறை

இனி நாம் வகுக்கும் வினாக்கள் ஐந்து.

(1) காண்பார் ஒருவரும் இல்லாதவிடத்து நம் வேலையை எவ்வாறு செய்கின்றோம்? ஆய்வுக்கூடத்திற் கிடைத்த அளவு நூலிற் கண்ட அளவோடு பொருந்தாதபோது, நம் குறிப்பேட்டில் எதனை எழுதுகின்றோம்?

(2) தன்னை நம் கையில் ஒப்புவித்தவனை எவ்வாறு தாங்குகின்றோம்? விடுதிக்குப் புதிதாய் வந்த முதலாண்டு மாணவன், சொற்போரில் நாத்தடுமாறி நிற்கும் எதிர்க்கட்சியான், கடன் வாங்கித் திருப்பித் தர இயலாத தோழன் ஆகிய இவர் யாவரும் அந்நிலையில் நம்மால் தூக்கப்பட்டு நிற்போரே.

(3) தோல்வியை எவ்வாறு ஏற்கின்றோம்? வென்றவன் பெயரை நாம் சொல்லும்போது நம் குரல் மாறுகின்றதா?

(4) நாம் ஏற்கும் வலி யார்பொருட்டு? அதனால் வருந்துவோர் யாவர் என எண்ணிப் பார்த்தோமா?

(5) ஒப்புக்கொண்டதைச் செய்கின்றோமா? வாக்கு மாறினால் வெற்றி கிடைக்கும் என்னும் நிலை வருங்கால் மன்னின் எதிரே நின்ற ஸ்பிஸ்கோவாகின்றோமா?

இவற்றுக்கு நாமே விடையெழுதின் நமக்கு இனியவற்றையே எழுதுவோம். ஆகவே நண்பர் இருவராய் அமர்தல் வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு தாளில் தம்மைக் குறித்தும், மற்றொரு தாளில் நண்பரைக் குறித்தும் விடையெழுதி, மேற்கூறிய அறுவருள் ஒருவர் பெயரை ஒவ்வொரு தாளின் அடியிலும் குறிக்க. பின்னர்த் தாள்களை மாற்றிப் படிக்க. இரண்டு பெயரும் ஒன்றாயின் நன்று. வேறாயின் அவ்வேற்றுமையே அன்று கற்ற பாடம். தம்மைத் தெஸ் என்று எழுதியவனை நண்பன் வாக்னர் என்று எழுதக்கூடும். அது சினத்துக்குரியதன்று, நம்மைத் தூக்கி நிற்கும் நண்பன் கழுத்தொடியாமல் மெல்ல இறக்கும் செயல் அது. அவ்வாறே பிறர் தாளில் எழுதும் நாமும், அவர் உடல் நம் கையில் உள்ளது என்பதை நினைந்து எழுதுதல் கடனாகும்.

இம்முடிவும் என்றும் நிலைப்பதன்று. இருபது அகவையில் வாக்னரை ஒத்தவர் நாற்பதில் சாமர்டினோவை ஒக்கலாம். கல்லூரியை விட்டகன்று பல்லாண்டு கழிந்த பழைய மாணவரும் ஒருமுறை இத்தாளை எழுதிப் பார்ப்பாராயின், இடையிற் கழிந்த காலம் தம்மை யாதாக்கிற்று என்பதை அறிவர்.

4. பெயர் என்பது

மல்லர் பலர் தொழிலின்பொருட்டுப் புதுப்பெயர் பூண்கின்றனர். அதனால் எய்தும் துன்பமும் உண்டு. போரில் தோற்றுத் தளர்ந்திருந்த ஜப்பானியர்க்கு 1954 முதல் பெருமிதம் ஊட்டிய மல்லர் ரிகிடோசான், மெய்யில் கொரியாவிற் பிறந்தவர். ஜப்பானின் வீரர் என்று நாடே கொண்டாடியமையால் அப்பிறப்பை மறைத்தே வாழ்ந்தார். 1963இல் கத்திக்குத்துண்டு இறந்தார். கோடிக்கணக்கானோர் அவர் பெயரை முழங்கினர். தாய் இட்ட பெயரால் வெளிப்படையாக அழைக்கப்படும் உரிமை அவர்க்கு வாய்க்கவில்லை.

திருமறையிலும் ஒரு மற்போர் உண்டு. ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில், யாப்போக்கு ஆற்றின் துறையில் இரவு முழுதும் யாக்கோபு போராடினான் என்று காண்கின்றோம். அப்போர் முடியும் தருவாயில் அவனிடம் கேட்கப்பட்டது அவன் பெயர். முன்னொருகால், பார்வை மங்கிய தந்தையின்முன் ஆசிபெறக் குனிந்தபோது, தன் தமையன் பெயரையே தன் பெயராகச் சொன்னவன் அவன். உடையும் தமையனுடையது, கைகளிற் போர்த்த தோலும் வேடமே. ஆற்றங்கரையிலோ அவன் தன் பெயரையே சொன்னான். அதன்பின்னரே புதுப்பெயர் அவனுக்கு அருளப்பட்டது. தொடைச்சந்து சுளுக்கி நொண்டியவாறே விடியலில் அவன் அவ்விடத்தைக் கடந்து சென்றான்.

அன்புடைய மாணவர்காள், எந்தச் சாம்பியனை ஒப்போம் என்று வினவுங்கால், முதலில் நம் பெயரை நாம் மெய்யாகச் சொல்லப் பழகுவோமாக. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் நண்பர் ஒருவரோடு அமர்ந்து அவ்விரு தாள்களையும் எழுதி மாற்றிக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.